இலை வண்டிக்கு எந்த லைசென்ஸ்? கோத்தகிரி விபத்து ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2021 அக்டோபரில், விடாமல் மழை பெய்த ஒரு மாலையில், பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போன பிக்கப் ஒன்று கோத்தகிரி–கட்டபெட்டு சாலையின் இறக்கத்தில் வளைவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், மேலே ஏறி வந்த ஸ்கூட்டரில் மோதியது. மூன்று பேருக்குக் காயம். ஸ்கூட்டரில் வந்தவருக்குக் கால் முறிந்தது. பிக்கப்பின் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பின்னால் இலை மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்த இன்னொரு பெண் தூக்கி வீசப்பட்டு, தோள்பட்டை இறங்கிவிட்டது.

மூவருக்கும் வழக்கு நடத்தியது நான்தான். வண்டி ஒன்று, டிரைவர் ஒருவர், இன்சூரன்ஸ் பாலிசியும் ஒன்று. ஆனாலும் மூவருக்கும் ஒரே மாதிரி தீர்ப்பு வரவில்லை. அந்த வித்தியாசம் முழுக்க வண்டிகளைச் சட்டம் எப்படி வகை பிரிக்கிறது என்பதிலிருந்து வந்தது. நீலகிரியில் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இதைத் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர், ஊர், இன்சூரன்ஸ் கம்பெனி எதையும் குறிப்பிடவில்லை.

வண்டியும் டிரைவரும்

வண்டிக்காரர் பெரிய முதலாளி இல்லை. இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. தன் இலையோடு அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் இலையையும் வாடகைக்கு ஏற்றித் தொழிற்சாலையில் கொண்டுபோய்ப் போடுவார். மலையில் சிறு விவசாயிகளின் இலை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. வண்டி கடனில் வாங்கியது. மஞ்சள் போர்டு, டி.என். 43 பதிவு. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று நடப்பில் இருந்தது, இன்சூரன்ஸும் இருந்தது.

டிரைவருக்கு அப்போது வயது 24. ஊட்டியில் காரில் டெஸ்ட் கொடுத்து எல்.எம்.வி., அதாவது இலகு ரக வாகன லைசென்ஸ் எடுத்தவர். 'பேட்ஜ்' என்று நாம் சொல்லும் டிரான்ஸ்போர்ட் அனுமதி அவர் லைசென்ஸில் இல்லை. விபத்து நடந்த மறுநாள் வண்டிக்காரரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தையே, "அண்ணா, எனக்கு பேட்ஜ் இல்லையே, எல்லாம் போச்சா?" என்பதுதான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. மஞ்சள் போர்டு வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டும் என்பதைத்தான் டிரைவிங் ஸ்கூலிலிருந்து டாக்ஸி ஸ்டாண்ட் வரை எல்லோரும் சொல்வார்கள்.

இந்த வழக்கில் எனக்கு அதிகம் உதவிய காகிதங்கள் இரண்டு. ஒன்று ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. அதில் காலி எடை ஒரு வரியிலும் மொத்த எடை இன்னொரு வரியிலும் இருக்கும். மொத்த எடை என்பது வண்டியின் எடையோடு, ஏற்றுவதற்கு அனுமதித்த சுமையையும் சேர்த்தது. இந்த பிக்கப்புக்கு அது 2,990 கிலோ. இன்னொன்று இலைச் சீட்டு. இலை எடை போடும் இடத்தில் கார்பன் வைத்து எழுதிக் கொடுக்கும் சின்னத் தாள்: விவசாயியின் பெயர், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, மழை ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு என்று நாலு கட்டம். யாரும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காத அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெர்மிட் இல்லை என்ற வாதம்

இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று ஆட்சேபம் வைத்தது. பெர்மிட் இல்லை. டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியிருந்தார்கள்.

முதலாவது ஒரே வாய்தாவில் முடிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 66-ஆவது பிரிவு சரக்கு வண்டிக்குப் பெர்மிட் கேட்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு விலக்கும் கொடுக்கிறது. ஆர்.சி.யில் 2,990 என்று இருக்கிறது. அவ்வளவுதான். குட்டியானை என்று நாம் கூப்பிடும் சின்ன வண்டிகள் எல்லாமே இந்த விலக்கில் வந்துவிடும். பெர்மிட் வேண்டாம் என்பதால் அது சொந்த உபயோக வண்டி ஆகிவிடாது. சரக்கு வண்டி என்றாலே சட்டத்தின் கண்ணில் டிரான்ஸ்போர்ட் வண்டிதான். மஞ்சள் போர்டும் வேண்டும், எஃப்.சி.யும் வேண்டும்.

7,500 கிலோ

வழக்கை மூன்று வருடம் இழுத்தது லைசென்ஸ் வாதம்தான். இதைப் புரிந்துகொள்ளச் சட்டத்தின் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது பிரிவு இலகு ரக வாகனம், அதாவது எல்.எம்.வி. எது என்று சொல்கிறது. டிரான்ஸ்போர்ட் வண்டியோ, ஆம்னி பஸ் வகையோ என்றால் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கார், டிராக்டர், ரோடு ரோலர் என்றால் காலி எடை 7,500 கிலோவைத் தாண்டக்கூடாது. கவனித்துப் பாருங்கள். எல்.எம்.வி.க்குச் சொல்லும் விளக்கத்துக்குள்ளேயே டிரான்ஸ்போர்ட் வண்டி உட்கார்ந்திருக்கிறது.

பத்தாவது பிரிவு லைசென்ஸ் வகைகளைச் சொல்கிறது. கியர் இல்லாத பைக், கியர் உள்ள பைக், மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வண்டி, எல்.எம்.வி., டிரான்ஸ்போர்ட் வண்டி, ரோடு ரோலர் என்று போகும். 1988-இல் சட்டம் வந்தபோது 'டிரான்ஸ்போர்ட் வண்டி' என்று ஒரு வகை கிடையாது. நடுத்தரச் சரக்கு வண்டி, நடுத்தரப் பயணி வண்டி, கனரகச் சரக்கு வண்டி, கனரகப் பயணி வண்டி என்று நான்கு வகை இருந்தன. 1994-ஆம் வருடத் திருத்தம் அந்த நான்கையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'டிரான்ஸ்போர்ட் வண்டி' என்று ஒரே வகையைப் போட்டது. குழப்பம் ஆரம்பித்ததே அங்கேதான். 3 டன் பிக்கப் எல்.எம்.வி.யும்தான், டிரான்ஸ்போர்ட்டும்தான். அப்படியானால் அதை ஓட்ட எந்த லைசென்ஸ்?

ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் பேட்ஜ் கேட்டன. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பேட்ஜ் இல்லை என்பதையே காரணம் காட்டிப் பணம் தர மறுத்தன. உச்ச நீதிமன்றத்தின் வெவ்வேறு அமர்வுகளும் வெவ்வேறாகச் சொல்லி வந்தன. 2017 ஜூலையில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்தது: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், டிரான்ஸ்போர்ட் வண்டியாகவே இருந்தாலும் எல்.எம்.வி. லைசென்ஸ் போதும், தனி அனுமதி வேண்டாம். அந்த நான்கு பழைய வகைகளுக்குப் பதிலாகத்தான் 1994 திருத்தம் வந்தது, எல்.எம்.வி.யை அது தொடவே இல்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். 2018 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் அப்படியே நடந்துகொள்ளும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

நம் விபத்து 2021-இல். அந்தத் தீர்ப்பின்படி டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இருந்தது. ஆனால் நாங்கள் மனு போட்ட கொஞ்ச நாளில், 2022 மார்ச்சில், உச்ச நீதிமன்றமே முகுந்த் தேவாங்கன் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்கட்டும் என்று அனுப்பியது. பஜாஜ் அலையன்ஸ் எதிர் ரம்பா தேவி என்ற அந்த வழக்கு முடியும்வரை எங்கள் வழக்கை நிறுத்தி வையுங்கள் என்று எதிர்த்தரப்பு ஒவ்வொரு வாய்தாவிலும் கேட்டது. அந்த இரண்டரை வருடமும் ஸ்கூட்டர்காரர் கடன் வாங்கித்தான் கோவைக்குப் போய் வைத்தியம் பார்த்தார். இரண்டாவது ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார். சட்டப் புத்தகத்தில் ஒரு வரி தெளிவாக இல்லாவிட்டால் யார் காலில் அது வலிக்கிறது என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் 6 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ரிஷிகேஷ் ராய். 2017 தீர்ப்பு நிலைத்தது. டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு என்று சட்டமும் விதிகளும் வைத்திருக்கும் கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவைத் தாண்டிய வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்குத்தான் என்று அமர்வு தெளிவாக்கியது. எல்.எம்.வி. லைசென்ஸ்காரர்கள் டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டுவதால் விபத்து கூடுகிறது என்று காட்ட எந்தப் புள்ளிவிவரமும் தன் முன் வைக்கப்படவில்லை என்பதையும் பதிவு செய்தது. இ-ரிக்ஷா, இ-கார்ட், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்குத் தனியாக உள்ள தகுதிகள் அப்படியே தொடரும் என்றும் சொன்னது. கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டும் தம்பிகள் இந்தக் கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். எடை குறைவு என்பது அங்கே போதாது, ஆபத்தான சரக்கைக் கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

அடுத்த வாய்தாவிலேயே, எங்கள் வழக்கு நடந்த ஊட்டி மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் லைசென்ஸ் ஆட்சேபம் விழுந்தது. ஸ்கூட்டர்காரருக்கான முழுத் தொகையையும் இன்சூரன்ஸ் கம்பெனியே கட்ட உத்தரவானது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் வாதத்தில் தோற்றிருந்தாலும் ஸ்கூட்டர்காரர் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார். 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழிப்படி, மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். அப்படி நடந்திருந்தால் போயிருப்பது வண்டிக்காரரின் இரண்டு ஏக்கர்தான். பேட்ஜ் பற்றிய இத்தனை வருடச் சண்டையில் உண்மையில் பணயமாக இருந்தவர்கள் இவரைப் போன்ற சிறு வண்டிக்காரர்கள்.

எந்தக் கேள்விக்கு எந்த அளவுகோல்

ஒரே வண்டியைச் சட்டம் பல அளவுகோலால் அளக்கிறது. லைசென்ஸுக்கு எடை. போர்டின் நிறத்துக்கு உபயோகம். பெர்மிட்டுக்கு இரண்டும். இன்சூரன்ஸுக்கு, யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது. ஒன்றின் பதிலை இன்னொன்றின் கேள்விக்குப் போட்டால்தான் சிக்கல்.

சரக்கு வண்டியில் மொத்த எடை 7,500 கிலோ வரை எல்.எம்.வி. அதற்கு மேல் 12,000 கிலோ வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் கனரகம். கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் டாடா 407 லாரி எல்.எம்.வி.க்குள் வந்துவிடும். 7,490 கிலோ என்று ஆர்.சி.யில் போட்டு வரும் லாரிகளும் உண்டு. பார்க்கப் பெரிய லாரிதான், ஆனால் பத்து கிலோ வித்தியாசத்தில் எல்.எம்.வி. அதே உயரம், அதே நீளம் உள்ள பக்கத்து லாரிக்கு மொத்த எடை கொஞ்சம் கூடினாலே டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்த பிறகுதான் எல்.எல்.ஆரே கிடைக்கும், லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே வண்டியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆர்.சி.யைத்தான் பார்க்க வேண்டும்.

பயணி வண்டியில் தலைக்கணக்கும் சேரும். டிரைவர் தவிர ஆறு பேர் வரை மோட்டார் கேப், ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை மேக்ஸி கேப். ஊட்டியில் ஓடும் ஜீப்புகளில் பல இந்த இரண்டாவது வகை. தலைக்கணக்கு சொல்வது பெர்மிட்டையும் வரியையும். எல்.எம்.வி.யா என்ற கேள்விக்கு அங்கேயும் எடைதான் பதில் சொல்லும்.

ஓவர்லோடு ஏற்றினால் வகை மாறுமா என்று பலர் கேட்கிறார்கள். மாறாது. ஆர்.சி.யில் பதிவான எடைதான் கணக்கு, அன்றைக்கு ஏற்றிய எடை அல்ல. ஆனால் ஓவர்லோடு தனிக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மழைக்காலத்தில் நனைந்த இலை எவ்வளவு கனக்கும் என்பது இலை ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முன் சீட்டும் மூட்டை மேலும்

இனி அந்த இரண்டு பெண்கள். லைசென்ஸ் சரி என்று ஆன பிறகும் இவர்கள் கதை முடியவில்லை.

சரக்கு வண்டி சரக்குக்கான வண்டி. அதில் ஓசியில் ஏறி வருகிறவருக்கு வண்டியின் கட்டாய இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. 2019 திருத்தம் அதைச் சட்ட வாசகத்திலேயே சேர்த்துவிட்டது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. 1994 திருத்தத்திலிருந்து, வண்டியில் போகும் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய அனுமதி பெற்ற பிரதிநிதியோ கூட வந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதிலும் அவர் டிரைவர் கேபினில் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும், சரக்கின் மேல் அல்ல என்று பின்னால் வந்த தீர்ப்புகள் சொல்கின்றன.

முன் சீட்டில் இருந்த அம்மாவுக்கு அரை ஏக்கர் தோட்டம் இருந்தது. அன்று வண்டியில் போன மூட்டைகளில் மூன்று அவருடையவை. தொழிற்சாலையில் ஈரத்துக்கு அதிகம் கழித்துவிடுகிறார்கள் என்று தானே நின்று பார்ப்பதற்காகக் கிளம்பியவர். கம்பெனி அவரையும் ஓசிப் பயணி என்றது. அவர் தன் சேலைத் தலைப்பு முடிச்சில் அன்றைய இலைச் சீட்டை வைத்திருந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது நர்ஸ் அந்த முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த காசையும் சீட்டையும் ஒரு கவரில் போட்டு மகளிடம் கொடுத்திருக்கிறார். மகள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். கார்பன் எழுத்து மங்கியிருந்தாலும் பெயரும் மூட்டைக் கணக்கும் தேதியும் தெரிந்தன. அந்தச் சீட்டால்தான் அவர் 'சரக்கின் சொந்தக்காரர்' ஆனார். கம்பெனி அவருக்கும் பணம் கட்ட வேண்டும் என்று உத்தரவானது.

மூட்டை மேல் வந்தவர் கூலிக்கு இலை எடுப்பவர். இந்த வண்டிக்காரர் தோட்டத்தில் அல்ல, வேறொரு தோட்டத்தில். கடைசி பஸ் போய்விட்டது, மழை, இருட்டப் போகிறது. கை காட்டினார், டிரைவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். "நான்தான் சார் கெஞ்சி ஏறினேன், அந்தத் தம்பி மேல தப்பு சொல்லாதீங்க" என்று கூண்டிலும் அதையே சொன்னார். வண்டிக்காரரின் வேலையாளாக, மூட்டை ஏற்றி இறக்க வந்தவராக இருந்திருந்தால், வேலையாள் இழப்பீட்டு வழியில் ஏதாவது பார்த்திருக்கலாம். அதுவும் இல்லை. லைசென்ஸ் குறைபாடு என்றால் கம்பெனி முதலில் கொடுத்துப் பிறகு வசூலிக்கட்டும் என்று வாதாட இடம் உண்டு. இவர் விஷயத்தில் பாலிசி அவரைத் தொடவே இல்லை. எனவே கம்பெனி விடுவிக்கப்பட்டது. இழப்பீட்டை வண்டிக்காரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

இது சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனால் மலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எஸ்டேட் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு, அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இருந்ததா என்ற கேள்வி வராமல் போகாது. இலை எடுக்கும் பெண்களை ஏற்றாதே என்று டிரைவர்களுக்குச் சொல்வது சுலபம். வேலை முடியும் நேரத்துக்கு ஒரு மினி பஸ் விடச் சொல்லிக் கேட்பதுதான் தேவை. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு மனு கொடுத்திருக்கிறார்கள்.

இறக்கத்தைப் பற்றி

2024 தீர்ப்பு சரியானது என்று முழுமனதோடு நினைக்கிறேன். பேட்ஜ் எடுப்பதால் ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரிந்துவிடாது. அது இல்லை என்பதற்காக ஒரு குடும்பத்தின் நிலத்தைப் பறிப்பது நியாயமும் இல்லை. அதே சமயம், நம் டிரைவர் அன்று தவறு செய்தார் என்பதையும் மறைக்க மாட்டேன். அவரே ஒப்புக்கொண்டது: இறக்கத்தில் மூன்றாவது கியரில் வந்தார், வளைவுக்கு முன்னால் இரண்டுக்கு இறக்கவில்லை, நனைந்த சாலையில் வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை மிதித்தார். முழுச் சுமையோடு இருந்த வண்டி நேராகப் போய்விட்டது.

எல்.எம்.வி. டெஸ்ட்டை அவர் காரில் கொடுத்தார். சுமை கிடையாது. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துக் காட்டுவது டெஸ்ட் விதியில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒன்றரை டன் ஈர இலையோடு மலை இறங்குவது எப்படி இருக்கும் என்பதை அந்த டெஸ்ட்டில் யாரும் அவருக்குக் காட்டவில்லை. எடையை வைத்து வகை பிரிக்கும் சட்டம், கோத்தகிரி சாலையையும் சமவெளியின் நான்கு வழிச் சாலையையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. அதை நீதிமன்றம் மாற்ற முடியாது. வண்டிக்காரர்களும் டிரைவர் சங்கங்களும் செய்யக்கூடிய வேலை அது. புதிதாக வரும் பையனை முதல் இரண்டு வாரம் அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து சுமையோடு இறங்க வைக்கலாம். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதை அவன் கை பழகும்வரை விடாமல் சொல்லலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டர்காரருக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்துவிட்டது, கைத்தடி இல்லாமல் நடக்கிறார். வண்டிக்காரர் மூட்டை மேல் வந்த பெண்ணுக்கு இலைப் பணம் வரும் மாதங்களில் தவணையாகக் கட்டுகிறார். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை.